கண்ணோடு நகரும் விரிசல்

நேற்றைய வலி முழுசாக இறங்கவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரத்தின் அடியில் சூடு நிற்குமே, அப்படி மண்டைக்குள் நின்றது. சீப்பை வைத்தால் மயிர்க்கால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கத்தியது. சீவாமலே முடியைச் சுருட்டிக் கட்டினாள். கழுத்து இடது பக்கம் திரும்ப மறுத்தது.

மணி ஐந்து. ஆறு மணிக்கு ஷிப்ட்.

ஃபிரிட்ஜின் மேல் மறுபடியும் கையை விட்டுத் துழாவினாள். தூசிதான் வந்தது. நேற்று ராத்திரி காணாமல் போன நோட்டு விடிந்த பிறகும் காணாமலே இருந்தது.

நாற்பது பக்க நோட்டு. நீல அட்டை. ஒரு மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா எழுதச் சொன்னது. "எப்ப வலி வந்துச்சு, எத்தனை மணி நேரம், எத்தனை மாத்திரை, அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு. இந்த நாலையும் எழுதுங்க. வெட்கப்படாம எழுதுங்க."

ஒற்றைத் தலைவலிக்கு ஸ்கேனில் படம் விழாது. ரத்தத்தில் நம்பர் வராது. பதினோரு வருஷ வலிக்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த நோட்டு. இன்று சாயங்காலம் நாலு மணிக்கு அதைக் காட்டினால் ஒரு லெட்டர் கிடைக்கும். அந்த லெட்டரைக் காட்டினால் தொழிற்சாலையில் அவளை லைட் பெட்டி முன்னாலிருந்து எழுப்பிப் பேக்கிங்கில் போடுவார்கள். இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான். இனிமேல் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார அவளால் முடியாது.

"ஏங்க, நோட்டைப் பார்த்தீங்களா?"

புருஷன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். "எந்த நோட்டு?"

"ஒரு மாசமா உங்க கண்ணு முன்னாலதான எழுதிட்டிருக்கேன்?"

"எங்கயாவது கிடக்கும். நோட்டுக்குக் காலா முளைச்சிருக்கு?"

முளைத்திருந்தது. நேற்று சாயங்காலம் வந்துபோன ஒரே ஆள் அவனுடைய அக்கா. அதைச் சொன்னால் இப்போதே சண்டை. பல்லைக் கடித்தாள். கடித்தது நேராகப் பொட்டில் போய்க் குத்தியது.

ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பினாள்.

*

அது பாட்டில் தொழிற்சாலை. புருஷனுக்குக் கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. அவளுக்குச் செக்கிங்.

செக்கிங் என்றால் இதுதான்: கதவு அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை, அதற்குப் பின்னால் குழல் விளக்குகள்; அதுதான் லைட் பெட்டி. பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடும், நிமிஷத்துக்கு எழுபது. விரிசல், குமிழி, கழுத்துக் கோணல் எது கண்ணில் பட்டாலும் உருவி எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். மயிரிழை விரிசலைக்கூட அவள் விட்டதில்லை. அதனால் லைனில் அவளுக்குக் 'கழுகு' என்று பேர்.

கழுகுக்கு அந்த வெளிச்சம்தான் சோறு போட்டது. அதேதான் கண்ணையும் கொத்தியது.

ஒன்பதே காலுக்கு ஒரு பாட்டிலில் விரிசலைப் பார்த்தாள். உருவினாள். அடுத்ததிலும் விரிசல். உருவினாள். அதற்கு அடுத்ததிலும். ரம்பத்தின் பல் மாதிரி, மினுமினுவென்று, எல்லாப் பாட்டிலிலும் ஒரே இடத்தில்.

இது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு சோதனை உண்டு. வருஷக்கணக்கில் பட்டுப் பட்டுக் கற்றது. பாட்டிலிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரைப் பார்க்க வேண்டும். விரிசல் பாட்டிலோடு போய்விட்டால் அது பாட்டிலின் விரிசல். கண்ணோடு சுவருக்கு வந்தால் அது தன்னுடையது.

சுவரைப் பார்த்தாள். ரம்பப் பல் சுவரில் நின்று மினுங்கியது. இருபது நிமிஷத்தில் அது அணையும். அணைந்ததும் வலி வரும்.

ஆனால் சுவரைப் பார்க்கத் தோன்றுவதற்குள் முப்பத்தெட்டு பாட்டிலைத் தொட்டியில் போட்டிருந்தாள்.

சூப்பர்வைசர் தொட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். இன்னொன்றை எடுத்தார்.

"எங்கம்மா விரிசல்?"

"இல்ல சார். எனக்குக் கண்ணுல வந்திருச்சு. இருபது நிமிஷம் மட்டும் மாத்திவிடுங்க."

"கண்ணுல வந்திருச்சா? போன வாரம் தலையில வந்துச்சு. அடுத்த வாரம் காலுல வருமா?"

லைனில் இரண்டு பேர் சிரித்தார்கள். பக்கத்துப் பெட்டியில் செக்கிங் பார்க்கிற ஒருத்தி, தலையைத் திருப்பாமலே, "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத் தெரியும்" என்றாள். சூப்பர்வைசர் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள்.

"சார், இன்னிக்கு டாக்டர் லெட்டர் தர்றாங்க. நாளைக்குக் கொண்டுவர்றேன்."

"லெட்டரை யார் வேணா வாங்கலாம். மேல ஆபீஸ்ல குடுத்தா என்னைத்தான் கேப்பாங்க, உண்மையான்னு. நான் என்ன சொல்றது? உன் வீட்டுக்காரனே வேற மாதிரி சொல்றான்."

"என்ன சொன்னாரு?"

"வீட்லயும் இதே நடிப்புதான் சார்னு சொன்னான். டீ குடிக்கிற இடத்துல. நாலு பேர் இருந்தாங்க, கேட்டுப் பாரு."

நாலு பேரைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பொய் சொல்கிற மனுஷன் இவ்வளவு அலட்சியமாகச் சொல்ல மாட்டான்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு லெட்டரும் வரணும், உன் வீட்டுக்காரனும் வரணும். அவன் வாயால ஆமான்னு சொல்லட்டும், பேக்கிங்ல போடுறேன். இல்லன்னா லைட் பெட்டியிலயே இரு, இல்லன்னா கேட்டைத் தாண்டி வெளிய போ. புரியுதா?"

ரம்பப் பல் அணைந்தது. வலி வந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. வலியில் வாந்தி வரும். அன்று கோபம் வந்தது. இரண்டு மணி வரைக்கும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பாட்டிலுக்கு ஒரு தடவை சுவருக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்து, ஷிப்டை முடித்தாள். புருஷனுக்கு ஓவர்டைம். கோடவுன் பக்கம் திரும்பாமல் வெளியே வந்தாள். பார்த்திருந்தால் ஃபோர்க்லிஃப்டின் முன்னாலேயே போய் நின்றிருப்பாள்.

*

இரண்டாவது மாடி. கடைசிப் படியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். மடியில் நீல அட்டை நோட்டு.

புருஷனுடைய அக்கா மரச் சாமான் கடையில் பாலிஷ் போடுகிறவள். பதினேழு வயதில் பிடித்த துணிச் சுருணையை இன்னும் விடவில்லை. அந்தக் கையால்தான் தம்பியை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கல்யாணம் பண்ணி வைத்தாள். இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை முடிந்து தம்பி வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவது வழக்கம்.

"அரை நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"உன்கூடச் சண்டை போட."

கதவைத் திறந்தாள். நாத்தனார் உள்ளே வந்து, நோட்டை விரித்து, ஒன்பது இடத்தில் விரலை வைத்தாள்.

"படி. சத்தமாப் படி."

படிக்க வேண்டியதில்லை. அவள் எழுதியதுதான். 'அதுக்கு முன்னால என்ன நடந்துச்சு' என்ற கட்டத்தில், ஒன்பது நாள், ஒரே வார்த்தை. நாத்தனார். நாத்தனார். நாத்தனார்.

"நான் உனக்குத் தலைவலியா?"

"அண்ணி, டாக்டர் எழுதச் சொன்னாங்க. நீங்க வந்துட்டுப் போனா எனக்கு வலி வருது. வந்ததைத்தான எழுதுவேன்?"

"வந்ததை எழுதுவியா? காய் நறுக்கிக் குடுத்தேனே, அதை எழுதினியா? உனக்கு முடியலன்னு அன்னிக்குப் பாத்திரம் பூராத் தேய்ச்சேனே, எங்க எழுதியிருக்க? யாரோ ஒருத்தி, டாக்டரு, அவகிட்டப் போய் என் மானத்தை வாங்கப் பார்க்குற!"

அவளுக்கு இடது கண் தானாக மூடியது. நாத்தனார் பக்கத்தில் நிற்க நிற்க வலி ஆணி மாதிரி பொட்டில் இன்னும் ஒரு சுற்று இறங்கியது. 'பாருங்க, இப்பவே வருது' என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினாள்.

"நோட்டைக் குடுங்க அண்ணி. நாலு மணிக்கு நான் போகணும்."

"குடுக்குறேன். நானும் பதில் எழுதியிருக்கேன்."

அப்போதுதான் கவனித்தாள். ஒவ்வொரு பக்கத்திலும், அவள் பேனா எழுத்துக்குக் கீழே, மரத்தில் குறி போடுகிற சிவப்புப் பென்சிலால், தடித்தடியாக நாத்தனாரின் கையெழுத்து. மாதம் பூராவுக்கும். ஒரு நாள் விடவில்லை.

"என்ன அண்ணி இது!"

"என் பக்க நியாயம். நானும் வரேன். அந்த டாக்டரம்மா ரெண்டையும் படிக்கட்டும். யாரு தலைவலின்னு அவங்களே சொல்லட்டும்."

சாட்சி என்று அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதன்மேல் நாத்தனார் இப்படிக் கிறுக்கி வைத்திருந்தாள். அழுகை வரவில்லை. அழுதால் வலி கூடும் என்பது அவளுக்குப் பழைய பாடம். நோட்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். நாத்தனார் பின்னாலேயே இறங்கினாள். பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

*

டாக்டரம்மா நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"இந்தச் சிவப்பு யாரு?"

"நான்தான்" என்றாள் நாத்தனார். "அந்த நாத்தனார்."

டாக்டரம்மா வாய்க்குள்ளேயே படித்தார். ஒரு இடத்தில் அடக்க முடியாமல் சத்தமாகப் படித்தார்: "'ஞாயிறு காலையிலிருந்து இருட்டும் வரை உங்கள் வீட்டில்தான் இருந்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து தலை சீவிவிட்டேன். அன்றைக்கு ஏன் வரவில்லை? உன் தலைவலிக்கு ஞாயிறு லீவா?'"

"கேளுங்க டாக்டர். நல்லாக் கேளுங்க."

"கேக்குறேன்." டாக்டரம்மா பக்கத்தைத் திருப்பினார். "நாலு ஞாயிறு வந்திருக்கீங்க. நாலு நாளும் வலி இல்ல. பதினாலாம் தேதி, 'கடையில் கரண்ட் இல்லை, வேலை நடக்கவில்லை, சும்மா வந்தேன்'னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கும் வலி இல்ல. வேலை முடிஞ்சு நேரா வந்த ஒன்பது நாளும் வலி வந்திருக்கு. நீங்க என்ன வேலை பார்க்குறீங்க?"

"மரச் சாமானுக்குப் பாலிஷ் போடுறேன்."

"இப்ப எங்கிருந்து வர்றீங்க?"

"கடையிலிருந்து நேரா."

"கையைக் குடுங்க."

டாக்டரம்மா அந்தக் கையை மூக்குப் பக்கம் கொண்டுபோனார். உடனே விட்டார். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

"பாலிஷ்ல கலக்குற தின்னர்" என்றார். "ஒற்றைத் தலைவலிக்காரங்களுக்கு இந்த மாதிரி வாடை ஆகாது. இவங்களுக்குத் தலைவலி நீங்க இல்லம்மா. உங்க துணி."

நாத்தனார் தன் சட்டைக் கையை மோந்து பார்த்தாள். இன்னொரு தடவை மோந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"வருஷக்கணக்கா அதுலயே இருந்தா மூக்குக்குத் தெரியாது."

"இந்த வாடையிலதான் டாக்டர் நான் என் தம்பியை வளர்த்தேன்." குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே கோபத்தைப் போட்டு ஒட்டவைத்துக்கொண்டாள். "அப்ப என்ன, வேலையை விடணுமா?"

"யாரு விடச் சொன்னா? கையைக் கழுவி, துணியை மாத்திட்டு அவங்க வீட்டுக்குப் போங்க. அவ்வளவுதான். இன்னொண்ணும் சொல்றேன். என்கிட்ட எத்தனையோ நோட்டு வருது, பாதிப் பேர் பாதியிலயே விட்டுடுவாங்க. நீங்க சண்டைக்கு எழுதலன்னா நான் இதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

பிறகு டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது ஒரு காரணம்தான். வேலை நாள்ல அந்த வெளிச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்க பையில இருக்கு. இந்த ஒரு மாசத்துல இருபத்திரெண்டு நாள் மாத்திரை போட்டிருக்கீங்க. இப்ப அந்த மாத்திரையே வலியைக் கொண்டுவருது. அதை நிறுத்தணும். வலி வராம இருக்க வேற மருந்து தர்றேன், தினமும் ஒண்ணு. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், லீவு நாள்லயும்."

"நிறுத்தினா சரியாயிடுமா?"

"முதல்ல மோசமாகும். ரெண்டு மூணு வாரம் நல்லாவே மோசமாகும். அதுக்கப்புறம் குறையும். முழுசாப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அதை ஓட்டலாம், இப்ப அது உங்களை ஓட்டுது. அந்த மூணு வாரமும் லைட் பெட்டி முன்னால உட்காரவே கூடாது. லெட்டர் தர்றேன்."

லெட்டர் கைக்கு வந்தது. நாலு வரி, ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. காலையில் இதைத்தான் பெரிசாக நினைத்துக்கொண்டு கிளம்பினாள். இப்போது பார்த்தால் அது பாதிச் சாவிதான். மீதிப் பாதி அவள் புருஷன் வாயில் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நாத்தனார் பத்தடி தள்ளி நின்றாள்.

"ஏன் அண்ணி அங்க நிக்குறீங்க?"

"நாத்தம் அடிக்கிறேனே."

"அண்ணி, நான் உங்க பேரை எழுதினது தப்பு. வாடைன்னு எழுதியிருக்கணும். ஆளை எழுதிட்டேன்."

"வாயால சொன்னா ஆச்சா? நோட்டுல எழுதின. நோட்டுலயே அடி." பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, பத்தடியை எட்டடியாக்கி, கையை நீட்டினாள்.

நின்றுகொண்டே, இடது கையில் நோட்டைத் தாங்கி, ஒன்பது இடத்திலும் நாத்தனாரை அடித்துத் தின்னர் என்று எழுதினாள். ஒன்பதாவதை எழுதி முடிக்கும்வரை நாத்தனார் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள். "நான் போய்க் குளிச்சிட்டு வரேன். வேலையில யாரு என்ன சொன்னா? மத்தியானத்திலிருந்து உன் மூஞ்சி என் ஒருத்தியால இப்படி இருக்காது."

சொன்னாள். சூப்பர்வைசர் சொன்னதையும் புருஷன் சொன்னதையும், ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்.

நாத்தனார் நோட்டை வாங்கிப் புரட்டினாள். "நானும்தான் நோட்டுல நடிப்புன்னு ரெண்டு இடத்துல எழுதியிருக்கேன்" என்றாள் கடைசியில். "அதையும் அடி."

*

ஆறரைக்குப் புருஷன் வந்தான். திரை போட்டிருந்தது. விளக்குப் போடவில்லை. நாற்காலியில் அவள், சுவரோரம் குளித்து ஈரத்தலையோடு அக்கா.

"என்ன, இருட்டுல ரெண்டு பேரும்? சமாதானமா?"

"சூப்பர்வைசர்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவன் ஹெல்மெட்டை மாட்டுகிற ஆணியைத் தேடினான். தினமும் மாட்டுகிற ஆணிதான். "என்ன சொன்னேன்?"

"நடிப்புன்னு."

"அட, அது ஆம்பளைங்க டீ குடிக்கும்போது பேச்சுவாக்குல வந்தது. அவர் ஏதோ கிண்டலாச் சொன்னாரு, நானும் சிரிச்சுக்கிட்டே..."

"நீங்க சிரிச்சது எனக்கு வேலைக்கு வேட்டு வைக்குது. அவருக்கு லெட்டர் போதாதாம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நீங்க வந்து, அது நடிப்பு இல்லன்னு சொல்லணும். லைட் பெட்டி முன்னால, லைன் பூராக் கேக்குற மாதிரி."

"அவ்வளவு பேர் முன்னாலயா?"

"நாலு பேர் முன்னாலதான சொன்னீங்க?"

"உனக்குப் புரியாது. அந்தாளு மனசு வச்சாத்தான் எனக்குப் பகல் ஷிப்ட். நேத்து ஒண்ணு சொல்லிட்டு இன்னிக்கு மாத்திச் சொன்னா என்னை என்னன்னு நினைப்பாரு?"

"புருஷன்னு நினைப்பாரு" என்றாள் அக்கா. "தம்பி, வாயால போட்ட முடிச்சை வாயாலதான் அவிழ்க்கணும். ஒரு மாசம் இவ எழுதினதை நான் ராத்திரி உக்காந்து படிச்சேன். குத்தம் கண்டுபிடிக்கத்தான் படிச்சேன். ஏழு மணி நேரம், ஒன்பது மணி நேரம், பாத்ரூம் தரையில படுத்திருந்தேன்னு எழுதியிருக்கா. நீ அந்த நேரமெல்லாம் எங்கடா இருந்த?"

"நீயுமா அக்கா? பாக்கலாம். காலையில பாக்கலாம்."

பாக்கலாம். அந்த வார்த்தையைப் பதினோரு வருஷமாகக் கேட்டவள் அவள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க என்றால் பாக்கலாம். அந்த ட்யூப்லைட்டை மாத்துங்க என்றால் பாக்கலாம். எழுந்து நின்றாள். எழுந்ததும் தலை சுற்றியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டில்ல விரிசலா, என் கண்ணுல விரிசலான்னு நான் சுவரைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன்" என்றாள். "இத்தனை வருஷமா வீட்லயும் அப்படித்தான் இருந்தேன். எதுவானாலும் என்கிட்டதான் விரிசல்னு நினைச்சேன். இன்னிக்குச் சுவரைப் பார்த்துட்டேன். இது என்னோட வரல. நீ சொல்லுவியா, மாட்டியா?"

நீங்க போய் நீ வந்திருந்தது. மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.

அவன் ஹெல்மெட்டை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தாமலே படி இறங்கினான். கீழே பைக் கிளம்பிய சத்தம் மண்டைக்குள் புகுந்து வெளியே போனது.

கை பழக்கத்தில் மாத்திரை டப்பாவுக்குப் போனது. பாதியில் நின்றது. நாத்தனார் ஒன்றும் கேட்காமல் அந்த டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். போய் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தாள். அதில் சோப்பு வாடைகூட இல்லை.

துணியை நெற்றியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் இடுக்கில் வந்த கொஞ்ச வெளிச்சத்தில் நோட்டைத் திறந்தாள். முப்பதாம் நாள். தேதி போட்டாள். ஒன்பதே கால் என்று போட்டாள். எத்தனை மணி நேரம் என்ற கட்டத்தில் 'இன்னும்' என்று போட்டாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

'என் புருஷன் எனக்குத் தர வேண்டிய கடன்: சூப்பர்வைசர் முன்னால், லைன் கேட்க, ஒரு வார்த்தை. அது நடிப்பு இல்லை என்று. நாளைக் காலை ஆறு மணிக்குக் கெடு. இதுவரை தரவில்லை.'